கேடயங்களின் காலம்

ஆசியாவின் அணு ஆயுத வரலாறு – அத்தியாயம் 17

2001 டிசம்பர் 13, வியாழக்கிழமை. காலை பதினொன்றரை மணி தாண்டிச் சில நிமிடங்களில் டெல்லி நாடாளுமன்ற வளாகத்துக்குள் வெள்ளை அம்பாசிடர் கார் ஒன்று நுழைந்தது. அதில் வந்த ஐந்து பேர் இறங்கிச் சுடத் தொடங்கினார்கள். காவலர்களும் ஒரு தோட்டத் தொழிலாளியுமாக ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில வாரங்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் லட்சக்கணக்கான வீரர்களை எல்லைக்குக் கொண்டுவந்தன. 'ஆபரேஷன் பராக்கிரம்' என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் படைக்குவிப்பு 2002 அக்டோபர் வரை நீடித்தது.

அதே தேதியில் வாஷிங்டனில், வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து நின்றார். சோவியத் ஒன்றியத்துடன் 1972-ல் செய்துகொண்ட ஏ.பி.எம். ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகப் போவதாக அறிவித்தார். ஆறு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அதன்படி 2002 ஜூன் 13 அன்று அது செத்துப்போனது.

நாடாளுமன்ற வாசலில் ரத்தம் காயாத நேரத்தில் வாஷிங்டன் செய்தியை இங்கே யார் கவனித்திருக்க முடியும்? ஆனால் ஆசியாவின் கடந்த கால் நூற்றாண்டு அணு ஆயுத வரலாற்றை எழுத உட்காரும்போது, அன்றைய இரண்டு நிகழ்ச்சிகளையும் சம எடையில் வைத்துத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் நிகழ்ச்சி இரு நாடுகளைப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோனது. பத்து மாதத்தில் படைகள் திரும்பிவிட்டன. இரண்டாவது நிகழ்ச்சி தொடங்கிவைத்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை.

அந்த ஒப்பந்தம் என்ன சொன்னது? 1972 மே 26 அன்று மாஸ்கோவில் நிக்சனும் பிரெஷ்னேவும் கையெழுத்திட்டார்கள். எதிரியின் ஏவுகணையை வானத்திலேயே மறித்து அழிக்கும் அமைப்புகளை ஆளுக்கு இரண்டே இடங்களில் வைத்துக்கொள்ளலாம். ஓர் இடத்தில் நூறு இடைமறிப்பு ஏவுகணைகளுக்கு மேல் கூடாது. 1974-ல் அதையும் ஒரே இடம் என்று குறைத்துக்கொண்டார்கள். இரண்டு பெரும் பகை நாடுகள், தங்கள் நகரங்களைக் காக்கும் கேடயத்தைக் கட்டமாட்டோம் என்று ஒன்றுக்கொன்று வாக்குக் கொடுத்தன. கேட்பதற்கு விபரீதமாக இருக்கும். மக்களைக் காப்பதுதானே அரசின் வேலை?

அதன் தர்க்கம் இது. நான் முதலில் அடித்தாலும் எதிரியிடம் மிஞ்சுவதைக் கொண்டு அவன் என் நகரங்களை அழித்துவிடுவான் என்று தெரிந்தால் நான் அடிக்கமாட்டேன். அவனும் அப்படியே. இந்தப் பரஸ்பர அச்சம்தான் பனிப்போரில் அணு ஆயுதங்களைக் கிடங்கிலேயே வைத்திருந்தது. இப்போது என்னிடம் ஒரு கேடயம் வந்துவிட்டது என்று வையுங்கள். எதிரி முழுப் பலத்தோடு அடித்தால் அது தாங்காது. ஆனால் நான் முதலில் அடித்து அவனுடைய ஏவுகணைகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டால், மிஞ்சிய ஐந்தையோ பத்தையோ அது தடுத்துவிடலாம். எதிரி என் கேடயத்தைப் பார்க்கும்போது அவன் கண்ணில் படுவது இதுதான். அதனால் அவன் ஏவுகணைகளைப் பெருக்குகிறான், கலைத்து ஒளித்துவைக்கிறான், அழிவதற்கு முன்னால் ஏவிவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு ஆளாகிறான்.

இந்தக் கணக்கு கையிருப்பு குறைந்த நாட்டைத்தான் கடுமையாகப் பாதிக்கும். 2001-ல் ஆயிரக்கணக்கான குண்டுகள் வைத்திருந்த ரஷ்யாவுக்கு அமெரிக்கக் கேடயம் ஓர் எரிச்சல் மட்டுமே. சீனாவிடம் அமெரிக்க மண்ணை எட்டக்கூடிய ஏவுகணைகள் அன்று சுமார் இருபதுதான் இருந்தன. டி.எஃப்-5 என்ற திரவ எரிபொருள் ஏவுகணைகள் அவை. ஏவுவதற்கு நேரம் பிடிக்கும். 1964 அக்டோபர் 16-ல் லோப் நூரில் முதல் குண்டை வெடித்த அன்றே, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று அறிவித்த நாடு சீனா. அந்த அறிவிப்போடு சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டு நிம்மதியாக இருக்க முடிந்தது. வட கொரியா போன்ற நாடுகளின் ஒன்றிரண்டு ஏவுகணைகளுக்காகத்தான் கேடயம் என்று வாஷிங்டன் சொன்னதை பெய்ஜிங் ஒருநாளும் நம்பவில்லை. சீன வெளியுறவு அமைச்சகத்தின் ஆயுதக் கட்டுப்பாட்டுத் துறைத் தலைவராக இருந்த ஷா சூகாங், ஒப்பந்தம் முறிவதற்கு இரண்டு ஆண்டு முன்பிருந்தே இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த எச்சரிக்கைகளுக்கு நடுவே டெல்லி எடுத்த நிலைப்பாடு பலரைத் திடுக்கிட வைத்தது. 2001 மே 1 அன்று புஷ் தன் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை விளக்கிப் பேசினார். அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளிகளே தயங்கி நின்றபோது, ஜஸ்வந்த் சிங் தலைமையிலிருந்த இந்திய வெளியுறவு அமைச்சகம் உடனே வரவேற்று அறிக்கை விட்டது. 1998 மே மாதச் சோதனைகளுக்குப் பின் விதிக்கப்பட்ட தடைகளிலிருந்து வெளியே வர வேண்டும், வாஷிங்டனுடன் புது உறவு வேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது. அதைவிட ஆழமான காரணமும் இருந்தது: இந்தியாவே ஒரு கேடயத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்தத் தேடலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீனாவிடமிருந்து எம்-11 ஏவுகணைகள் பாகிஸ்தானுக்குப் போயிருந்தன. 1998 ஏப்ரல் 6-ல் பாகிஸ்தான் சோதித்த கௌரி ஏவுகணை, வட கொரியாவின் நோடாங்கை அடிப்படையாகக் கொண்டது. பஞ்சாபின் சர்கோதாவிலிருந்து டெல்லி சுமார் 600 கிலோமீட்டர். ஒரு பாலிஸ்டிக் ஏவுகணை அந்தத் தூரத்தைக் கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்திய, பாகிஸ்தானிய இயற்பியலாளர்களான ஆர். ராஜாராமன், எம்.வி. ரமணா, ஜியா மியான் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து 2003-ல் இந்த நேரக் கணக்கை விரிவாக எழுதினார்கள். ரேடார் கண்டுபிடித்து, அது உண்மையான தாக்குதல்தான் என்று உறுதிசெய்து, தலைமைக்குச் சொல்லி, தலைமை முடிவெடுப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருந்த அரை மணி நேரம் இந்தத் துணைக்கண்டத்துக்கு வாய்க்கவில்லை. இந்த நிலையில் வாழும் நாடு கேடயம் வேண்டும் என்று கேட்பதில் என்ன வியப்பு?

இஸ்ரேலின் ஏரோ இடைமறிப்பு ஏவுகணையை வாங்க இந்தியா விரும்பியது, அமெரிக்கா சம்மதிக்கவில்லை. ஆனால் ஏரோவுக்குக் கண்ணாக இருக்கும் கிரீன் பைன் ரேடார் கிடைத்தது. அதை அடித்தளமாக வைத்து ஸ்வார்ட்ஃபிஷ் என்ற ரேடார் உருவானது. இடைமறிப்பு ஏவுகணையை டி.ஆர்.டி.ஓ. தானே செய்யத் தொடங்கியது. திட்டத்துக்கு வி.கே. சாரஸ்வத் தலைவர். 2006 நவம்பர் 27 அன்று ஒடிசா கடற்கரையில் சாந்திப்பூரிலிருந்து ஒரு பிருத்வி ஏவுகணையை எதிரி ஏவுகணையாகப் பாவித்து ஏவினார்கள். வீலர் தீவிலிருந்து (இப்போது அது அப்துல் கலாம் தீவு) கிளம்பிய இன்னொரு ஏவுகணை அதைச் சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் மறித்து அழித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 6-ல் 15 கிலோமீட்டர் உயரத்தில் மறிக்கும் இரண்டாவது அடுக்கும் வேலை செய்தது. உயரத்தில் தப்பினால் தாழ்வில் பிடிக்கலாம் என்ற இரண்டடுக்குத் திட்டம். தாக்கும் ஏவுகணையை வானத்திலேயே அழிக்கும் திறன் உலகில் மிகச் சில நாடுகளுக்கே இருந்தது. தடைகளுக்கு நடுவே அதைச் சாதித்த பொறியாளர்களின் உழைப்புக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

மேலே பேச வேண்டியது இது. சோதனையில் ஏவப் போகும் ஏவுகணை நம்முடையது. அது எங்கிருந்து கிளம்பும் என்பதும் நமக்குத் தெரியும். வருவது ஒன்றே ஒன்று. போரில் இவற்றில் ஒன்றும் அமையாது. ஒரே நேரத்தில் பல ஏவுகணைகள், நடுவில் போலிகள், தாழப் பறந்து வரும் குரூஸ் ஏவுகணைகள் எல்லாம் கலந்து வரும். 2012-ல் சாரஸ்வத், முதல் கட்டம் தயார், வேண்டுமானால் இரண்டு நகரங்களைக் காக்கும்படி குறுகிய காலத்தில் நிறுவலாம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கேட்டு டெல்லிவாசி எவ்வளவு நிம்மதி அடைந்தாரோ தெரியாது. பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டியில் அதை மிகக் கவனமாகக் கேட்டார்கள். எதிரியின் கேடயம் முழுமையாக வேலை செய்யாது என்று நம்பித் திட்டம் போட எந்தப் படைத் தலைமையும் துணியாது. வேலை செய்யும் என்றே வைத்துக்கொள்ளும்.

பாகிஸ்தானின் பதில்கள் இதற்கு முன்பே தொடங்கி ஒவ்வொன்றாக வந்தன. 2005 ஆகஸ்ட் 11-ல் பாபர் என்ற குரூஸ் ஏவுகணையைச் சோதித்தது. பாலிஸ்டிக் ஏவுகணைக்காக அமைத்த கேடயத்தின் கீழே புகுந்து போகக்கூடியது அது. 2011-ல் 60 கிலோமீட்டர் மட்டுமே போகும் நஸ்ர் வந்தது. இது இந்தியத் தரைப்படை வேகமாக உள்ளே நுழைந்துவிடுமோ என்ற பயத்தில் பிறந்த ஆயுதம், கேடயத்தோடு நேரடித் தொடர்பில்லாதது; ஆனாலும் போர்க்களத் தளபதி அருகிலேயே அணுகுண்டைக் கொண்டுபோய் நிறுத்தும் அபாயம் அதில் தொடங்கியது. 2015-ல் 2,750 கிலோமீட்டர் போகும் ஷாஹீன்-3 சோதிக்கப்பட்டது. பாகிஸ்தான் அணு ஆயுதங்களைப் பல ஆண்டு நிர்வகித்த காலித் கித்வாய், அந்தமான் நிகோபாரில் இந்தியா ஏவுகணைகளை வைத்தாலும் எட்டும்படிதான் அந்தத் தூரம் முடிவானது என்று வாஷிங்டனில் வெளிப்படையாகவே பேசினார்.

பிறகு 2017 ஜனவரி 24. அபாபீல் என்ற ஏவுகணையைச் சோதித்ததாகப் பாகிஸ்தான் ராணுவம் அறிவித்தது. தூரம் 2,200 கிலோமீட்டர். ஒரே ஏவுகணையில் பல குண்டுகளை வைத்து ஒவ்வொன்றையும் வெவ்வேறு இலக்குக்கு அனுப்பும் தொழில்நுட்பம் என்றது அறிக்கை. ஏன் செய்தோம் என்பதையும் மறைக்கவில்லை: வட்டாரத்தில் வளரும் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளுக்கு நடுவே தங்கள் ஏவுகணைகள் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக. டெல்லியைக் காக்கப் போட்ட திட்டத்துக்குப் பத்து ஆண்டில் கிடைத்த விளைவு, டெல்லி மேல் விழக்கூடிய குண்டுகளின் எண்ணிக்கை கூடியது. கேடயத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் மேடைகளில் இந்த ஒரு செய்தி சொல்லப்படுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

இதே கதை கிழக்கே வேறு வடிவத்தில் நடந்துகொண்டிருந்தது. தென் கொரியாவின் சோங்ஜு மாவட்டம் முலாம்பழ வகைகளில் ஒன்றான சாமே பழத்துக்குப் பேர் பெற்ற விவசாயப் பகுதி. வட கொரியா அடுத்தடுத்து அணுச் சோதனைகள் நடத்திய 2016-ல், அமெரிக்காவின் தாட் தடுப்பு அமைப்பை அங்கே நிறுவுவதாக முடிவானது. லோட்டே நிறுவனம் தன் கோல்ஃப் மைதானத்தை அதற்குக் கொடுத்தது. வயதான விவசாயப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். தங்கள் ஊர் முதல் இலக்காகிவிடும் என்பது அவர்கள் பயம். பெய்ஜிங்கின் கோபம் இடைமறிப்பு ஏவுகணைகள் மீது அல்ல, அவற்றோடு வந்த ரேடார் மீது. சீன மண்ணிலிருந்து கிளம்பும் ஏவுகணைகளை அது தொடக்கத்திலேயே பார்த்து, அமெரிக்கக் கேடயத்துக்குத் தகவல் சொல்லிவிடும் என்று சீனா கருதியது. சீனாவிலிருந்த லோட்டே கடைகளில் பெரும்பாலானவை தீயணைப்பு விதிகளைக் காட்டி மூடப்பட்டன. சுற்றுலாக் குழுக்கள் நின்றன. 2016-ல் தென் கொரியாவுக்குப் போன சீனப் பயணிகள் சுமார் 80 லட்சம். 2017-ல் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. தென் கொரியா அஞ்சியது வட கொரியாவை, அடிவாங்கியது சீனாவிடம்.

சீனாவின் உண்மையான பதில் பாலைவனத்தில் எழுந்தது. 2021 கோடையில் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கான்சு மாகாணத்தின் யூமென் அருகிலும், ஷின்ஜியாங்கின் ஹாமி அருகிலும், உள் மங்கோலியாவின் ஓர்டோஸ் அருகிலும் புதிய ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவதைக் கண்டார்கள். மொத்தம் சுமார் 300. ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2015-ல் சீனாவிடம் 260 அணுகுண்டுகள். 2025 ஜனவரியில் 600. இந்தப் பெருக்கத்துக்குக் கேடயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தைவான் இருக்கிறது, வல்லரசுக் கனவு இருக்கிறது, ஷி ஜின்பிங்கின் அரசியல் இருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டு சின்னக் கையிருப்போடு இருந்த நாடு மனம் மாறியதில் 2001 டிசம்பர் 13-க்குப் பங்கு இல்லை என்று யாரும் வாதிட முடியாது. சீனா தானும் 2010 ஜனவரி 11 முதல் இடைமறிப்புச் சோதனைகளை நடத்தத் தொடங்கிவிட்டது.

சீனக் குண்டுகள் வாஷிங்டனை நினைத்துப் பெருகினாலும் அவற்றை டெல்லியும் எண்ணிப் பார்க்கும். 2024 மார்ச் 11 அன்று இந்தியா, பல குண்டுகளைச் சுமக்கும் அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தது. 'மிஷன் திவ்யாஸ்திரா' என்று பெயர். அதைப் பார்த்து இஸ்லாமாபாத் கணக்குப் போடும். சங்கிலி இப்படித்தான் நீள்கிறது: வாஷிங்டன், பெய்ஜிங், டெல்லி, இஸ்லாமாபாத். 1999 ஆகஸ்டில் வெளியான இந்திய அணுக் கோட்பாட்டு வரைவைத் தயாரித்த குழுவுக்கு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமை வகித்தார். பதிலடி நிச்சயம் என்று எதிரி நம்பும் அளவுக்குக் குறைந்தபட்சக் கையிருப்பு போதும் என்பது அதன் மையக் கருத்து. எதிரியிடம் கேடயம் இல்லாதவரை அந்தக் குறைந்தபட்சத்துக்கு ஓர் எண் சொல்லலாம். கேடயம் வந்த பிறகு அந்த எண்ணை எதிரிதான் தீர்மானிக்கிறான்.

தரையில் இருப்பவை அழிக்கப்படலாம், பறப்பவை மறிக்கப்படலாம் என்ற பயம் ஆயுதங்களைக் கடலுக்குள் தள்ளுகிறது. இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் அரிஹந்த் 2009-ல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. 2018 நவம்பரில் அது தன் முதல் அணு ஆயுத ரோந்தை முடித்ததாகப் பிரதமர் அறிவித்தார். 2024 ஆகஸ்ட் 29-ல் இரண்டாவது கப்பல் அரிகாத் கடற்படையில் சேர்ந்தது. இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. அரிஹந்துக்கான அணுஉலையின் மாதிரி கல்பாக்கத்தில்தான் தரையில் கட்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது. கடலுக்கு அடியில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி போவது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் உயர்ந்த கோபுரங்களிலிருந்து. 1990-லிருந்து அது இயங்குகிறது. சாதாரண ரேடியோ அலை கடல் நீருக்குள் போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைதான் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கும். அதில் சின்னச் சின்னச் செய்திகளை மெல்ல அனுப்பலாம், ஒருவழியாக மட்டும்.

இதன் விளைவை நம் ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் இந்தியாவில் குண்டு ஓரிடத்தில், ஏவுகணை வேறிடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்க்க நேரமாகும். அந்த நேரம் அமைதிக்குக் காவலாக இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் அந்தப் பிரிவினை சாத்தியமில்லை. கடலில் இருக்கும் கப்பலில் குண்டு ஏவுகணையோடு பொருத்தியபடிதான் பயன்படும். பாகிஸ்தானும் 2017 ஜனவரியில் நீருக்கு அடியிலிருந்து பாபர்-3 குரூஸ் ஏவுகணையைச் சோதித்து அதே திசையில் அடியெடுத்து வைத்துவிட்டது. சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய நாடுகளில், எப்போதும் தயாராக இருக்கும் குண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன.

அப்படிப்பட்ட நிலையில் ஒரு தவறு நடந்தால்? நடந்தது. 2022 மார்ச் 9, பாகிஸ்தான் நேரப்படி மாலை ஆறே முக்கால் மணி அளவில் இந்திய விமானப்படையின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று கைதவறிக் கிளம்பியது. பாகிஸ்தான் ராணுவம் சொன்ன கணக்குப்படி அது அவர்கள் வான்வெளியில் 3 நிமிடம் 44 விநாடி பறந்து, எல்லைக்கு உள்ளே 124 கிலோமீட்டர் தள்ளி, பஞ்சாபின் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. இந்தியா வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டது மார்ச் 11 அன்று. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் வந்த ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று அந்த நான்கு நிமிடத்தில் பாகிஸ்தானில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. 2019-ல் பாலகோட் தாக்குதல் நடந்தது போன்ற ஒரு பதற்றமான வாரத்தில் இது நடந்திருந்தால் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

2005 அக்டோபர் 3-ல் இரு நாடுகளும் இஸ்லாமாபாத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது, விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. நல்ல ஒப்பந்தம். ஆனால் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. பிரம்மோஸ் அதற்குள் வராது. இடைமறிப்பு ஏவுகணைகளும் வராது. வாஷிங்டனும் மாஸ்கோவும் 1972-ல் உட்கார்ந்து பேசிய அந்த ஒரே விஷயம், கேடயம், ஆசியாவின் எந்த ஒப்பந்தத்திலும் இன்றுவரை இடம்பெறவில்லை.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் ஏவுகணைகளும் டிரோன்களும் இரண்டு பக்கமும் பறந்தன. ரஷ்யாவிடம் 2018-ல் வாங்க ஒப்பந்தம் போட்ட எஸ்-400 அமைப்புகள் களத்தில் இருந்தன. மே 10 அதிகாலையில் ராவல்பிண்டியின் நூர் கான் விமானத் தளம் தாக்கப்பட்டது. பாகிஸ்தானின் அணு ஆயுத நிர்வாகத் தலைமையகம் அதே சக்லாலா பகுதியில் இருக்கிறது. அன்று மாலையே சண்டை நின்றது. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் மோடி, 2035-க்குள் நாடு முழுவதற்கும் பாதுகாப்பு தரும் 'சுதர்சன சக்கரம்' திட்டத்தை அறிவித்தார். அதே வாரத்தில் பாகிஸ்தான் தனியாக ஒரு ராக்கெட் படைப் பிரிவை அமைப்பதாக அறிவித்திருந்தது. வாஷிங்டனிலும் மே மாதமே 'தங்கக் கவிகை' (கோல்டன் டோம்) என்ற கேடயத் திட்டம் வந்துவிட்டது. 2001-ன் காட்சிகள் இன்னும் பெரிய தொகையில், இன்னும் குறைந்த அவகாசத்தில், திரும்ப ஓடத் தொடங்கியிருக்கின்றன.

பேச முடியாத நாடுகள் அல்ல இந்தியாவும் பாகிஸ்தானும். 1988-ல் செய்த ஒப்பந்தத்தின்படி ஒருவரின் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. அதற்கான பட்டியலை ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992-ல் தொடங்கியது. கார்கில், நாடாளுமன்றத் தாக்குதல், மும்பை, புல்வாமா என்று எல்லாவற்றையும் தாண்டி 2025 ஜனவரி 1-ல் 34-வது முறையாகப் பட்டியல்கள் கைமாறின. கேடயங்களைப் பற்றியும் இப்படி ஒரு தாளைப் பரிமாறிக்கொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: எந்த நகரத்தைச் சுற்றி, எத்தனை, எப்போது சோதனை. அதற்கு எந்த நாடும் தன் கேடயத்தைக் கழற்றிவைக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே அந்த அளவுக்குக்கூட எதுவும் இல்லை. 1998 ஜூன் 6-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1172-ம் எண் தீர்மானம், இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதத் திட்டங்களை நிறுத்த வேண்டும் என்றது. அதைக் காட்டி, இந்தியாவை அணு ஆயுத நாடாக ஏற்று உட்கார்ந்து பேச பெய்ஜிங் மறுத்துவருகிறது. 2025 ஜனவரி மதிப்பீட்டில் 600 குண்டுகள் ஒரு பக்கம், 180 மறுபக்கம், நடுவில் 3,400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வரையறுக்கப்படாத எல்லை. அந்த மறுப்பு எப்படித் தொடங்கியது, 1998 மே மாதம் வாஜ்பாய் கிளின்டனுக்கு எழுதிய கடிதம் பெய்ஜிங்கில் எப்படிப் படிக்கப்பட்டது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)